நாக்கை வெளியே விட்டுவிட்டு உள்ளே வரவும்

1

ஆப்பிரிக்க நடிகர்கள் சர்வதேச சினிமாவில் வெற்றி பெற்றுவிட்டார்கள் என்று ஒரு பேச்சு நம் வட்டத்தில் கொஞ்ச காலமாக அடிபடுகிறது. இதைச் சொல்பவர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது. 2004-ல் சார்லீஸ் தெரானுக்கு ஆஸ்கார். 2014-ல் லுபிட்டா நியாங்கோவுக்கு ஆஸ்கார். அதே வருஷம் சோமாலியாவில் பிறந்த பர்காத் அப்திக்கு பிரிட்டிஷ் அகாதமிப் பரிசு. பெனின் தேசத்து ஜைமன் ஹூன்ஸூவின் பெயர் இரண்டு முறை ஆஸ்கார் பரிந்துரையில். 2018-ல் வந்த 'பிளாக் பேந்த்தர்' உலகம் பூராவும் 130 கோடி டாலருக்கு மேல் வசூல். பட்டியலைப் படித்து முடித்ததும் ஒரு திருப்திப் பெருமூச்சு. இருண்ட கண்டம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டதாம். இருண்ட கண்டம் என்ற பெயரை அதற்கு வைத்தது யார் என்று கேட்கும் பழக்கம் பட்டியல்காரர்களுக்குக் கிடையாது.

இதற்கு எதிர்க் கட்சியும் உண்டு. ஹாலிவுட்டுக்குப் போனவன் எல்லாம் விலைபோனவன், அவனைப் பற்றிப் பேசுவதே ரஸனைக் கேடு என்பது அவர்கள் வாதம். இரண்டு கட்சிக்கும் பொதுவாக ஒரு சௌகரியம் இருக்கிறது. இரண்டு பேருமே படத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஒருவருக்குப் பரிசுப் பட்டியல் போதும். மற்றவருக்குப் படக் கம்பெனியின் பெயர் போதும்.

மூன்றாவதாக ஒரு ரகம். இவர்கள்தான் எனக்கு முக்கியம். ஏனென்றால் இவர்கள் உண்மையிலேயே படம் பார்க்கிறவர்கள். சினிமா ஒரு காட்சி ஊடகம், நடிப்பு என்பது முகத்திலும் உடம்பிலும் நடக்கிற காரியம், மொழி இரண்டாம் பட்சம் என்று சொல்பவர்கள். ஒரு நல்ல முகம் எந்த தேசத்திலும் நல்ல முகம்தான் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆப்பிரிக்க நடிகனின் விஷயத்தில் இது வெறும் அழகியல் தவறோடு நிற்பதில்லை. அவனுக்கு எதிராக நூறு வருஷமாக நடந்துவருகிற ஒரு ஏற்பாட்டுக்கு இது நற்சான்றிதழ் எழுதிக் கொடுக்கிறது.

நான் சொல்ல வருவது இது. சர்வதேச சினிமா ஆப்பிரிக்க நடிகனிடமிருந்து அவன் தோலை, உடம்பை, முகத்தை வாங்கிக்கொண்டது. பேச்சை வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லிற்று, கோயில் வாசலில் செருப்பை விடச் சொல்கிற மாதிரி. அப்படி விட்டுவிட்டு உள்ளே போனதற்குத்தான் நம் நண்பர்கள் வெற்றி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். போனவர்கள் மீது எனக்குப் புகார் இல்லை. வெளியே கிடக்கிற செருப்பைப் பார்க்காமலே உள்ளே நடந்த பூஜையை வர்ணிக்கிற விமர்சகர்கள் மீதுதான் புகார்.

பேச்சு என்று நான் சொல்வது தாய்மொழியை மட்டுமல்ல. ஒருவன் இரவல் மொழியிலும் தன் பேச்சைப் பேச முடியும். வாக்கியம் யாருடைய வாயில் உருவாகிறது, அதை இழுக்கவும் முறிக்கவும் கேலி செய்யவும் யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்பதே கேள்வி.

2

1935-ல் ஸோல்டன் கோர்டா 'சாண்டர்ஸ் ஆஃப் தி ரிவர்' என்று ஒரு படம் எடுத்தார். நைஜீரியாவில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி, அவர் சொல் கேட்டு நடக்கும் நல்ல கறுப்பர்கள், கேளாத கெட்ட கறுப்பர்கள். நல்ல தலைவனாக நடித்தவர் அமெரிக்கரான பால் ராப்ஸன். ஆப்பிரிக்கக் கலாசாரத்தைக் கௌரவமாகக் காட்டப் போகிறார்கள் என்று நம்பிப் போனவர். முடிந்த படம் சாம்ராஜ்யத்துக்குத் தோத்திரமாக இருந்ததைக் கண்டு பிற்பாடு அதைக் கைகழுவினார். அந்தப் படத்தில் பெயர் போடாத துணை நடிகர்களில் ஒருவர் ஜோமோ கென்யாட்டா. அப்போது லண்டனில் இருந்தார். 1964-ல் கென்யாவின் முதல் ஜனாதிபதியானார். ஆப்பிரிக்காவைப் பற்றிய படத்தில் பேசுவதற்கு அமெரிக்கர், நிற்பதற்கு ஆப்பிரிக்கர் என்ற வேலைப் பங்கீடு அப்போதே ஆகிவிட்டது.

அதே கோர்டா 1950-ல் 'க்ரை, தி பிலவ்ட் கன்ட்ரி' நாவலைப் படமாக்கத் தென்னாப்பிரிக்கா போனார். ஸுலு பாதிரியாராகக் கனடா லீ, இளம் பாதிரியாராக சிட்னி பாய்ட்டியர். இரண்டு பேரும் அமெரிக்கர்கள். நிறவெறிச் சட்டங்கள் அமுலுக்கு வந்துகொண்டிருந்த நேரம். இந்த இரண்டு நடிகர்களும் கோர்டாவுக்கு ஒப்பந்தப்பட்ட வேலைக்காரர்கள் என்று அதிகாரிகளிடம் சொல்லித்தான் அவர்களை உள்ளே கொண்டுபோக வேண்டியிருந்தது. நடிகன் என்ற பெயரோடு ஒரு கறுப்பன் அந்த எல்லையைத் தாண்டுவது சிரமம். வேலைக்காரன் என்றால் கதவு திறக்கும்.

சரி, அது அந்நியர்களுக்கு. உள்ளூர்க்காரனுக்கு? இருபது வருஷம் கழித்து போர்ட் எலிஸபெத்தில் ஜான் கானி, வின்ஸ்டன் ந்ட்ஷோனா என்று இரண்டு பேர் ஏதல் ஃபுகார்டோடு சேர்ந்து நாடகம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே கறுப்பன் ஒவ்வொருவனும் ஒரு பாஸ் புத்தகம் வைத்திருக்க வேண்டும். யாரிடம் என்ன வேலை என்று அதில் பதிவாக வேண்டும். கறுப்பனுக்கு உரிய வேலைகளின் வரிசையில் நடிகன் என்பது இல்லை. ஆகவே ஃபுகார்டின் வீட்டு வேலையாட்கள் என்று பதிந்துகொண்டார்கள். 1950-ல் பாய்ட்டியருக்கு நேர்ந்தது 1970-களில் இவர்களுக்கும் நேர்ந்தது. ஒரே வித்தியாசம், பாய்ட்டியர் படப்பிடிப்பு முடிந்ததும் விமானம் ஏறிவிடலாம்.

இந்த இரண்டு வேலையாட்களும் ஃபுகார்டும் சேர்ந்து 1972-ல் உருவாக்கிய நாடகம் 'ஸிஸ்வே பான்ஸி இஸ் டெட்'. பாஸ் புத்தகத்தைப் பற்றியே நாடகம். ஊரில் இருக்க அனுமதி இல்லாத ஒருவன், தெருவில் செத்துக் கிடப்பவனின் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தன் பெயரைச் சாகடித்துவிட்டு அவன் பெயரில் வாழத் துணிகிறான். நாடகத்தின் முதல் பகுதியில் ஸ்டைல்ஸ் என்ற பாத்திரத்தில் கானி தனி ஆளாக வெகுநேரம் பேசுகிறார். ஃபோர்டு தொழிற்சாலைக்குப் பெரிய முதலாளி வருகிறார். வெள்ளை மேஸ்திரி சொல்வதைத் தொழிலாளிகளுக்கு மொழிபெயர்க்க வேண்டிய ஸ்டைல்ஸ், மேஸ்திரி சொன்னதை விட்டுவிட்டுத் தான் சொல்ல நினைப்பதைச் சொல்கிறான். மேஸ்திரிக்கு எதுவும் புரியவில்லை. தொழிலாளிகளுக்கு எல்லாம் புரிகிறது. நாடகத்தின் பெரும் பகுதி இங்கிலீஷ்தான். ஆனால் அந்த இங்கிலீஷ் போர்ட் எலிஸபெத்தின் கறுப்பர் குடியிருப்பில் வளர்ந்தது. பேச்சின் அதிகாரம் என்று நான் மேலே சொன்னேனே, அது இதுதான்.

இந்த நாடகத்துக்கும் 'தி ஐலண்ட்' என்ற இன்னொன்றுக்குமாக 1975-ல் நியூயார்க்கில் இருவருக்கும் சேர்த்து டோனி பரிசு கொடுத்தார்கள். மறு வருஷம் டிரான்ஸ்கெயில் இந்த நாடகத்தைப் போட்டதற்காக இருவரையும் பிடித்து உள்ளே வைத்தார்கள். உலகெங்கும் நாடகக்காரர்கள் கூச்சல் போட்ட பிறகே விட்டார்கள். ஒரே நாக்குக்கு ஒரு ஊரில் பரிசு, ஒரு ஊரில் சிறை. நம் பட்டியல்காரர்களின் பட்டியலில் இந்த 1975 இல்லை. அது நாடகமாம், சினிமா இல்லையாம்.

சினிமாவுக்கே வருகிறேன். டோனி பரிசு பெற்ற இந்த இரண்டு நடிகர்களை சினிமா என்ன செய்தது? 1978-ல் 'தி வைல்ட் கீஸ்'. ஆப்பிரிக்காவில் சிறைப்பட்ட ஒரு கறுப்புத் தலைவரை வெள்ளைக் கூலிப்படையினர் மீட்கிற கதை. ந்ட்ஷோனாதான் அந்தத் தலைவர். நோயாளி. ஒரு வெள்ளைத் தென்னாப்பிரிக்கன் அவரை முதுகில் சுமந்துகொண்டு போகிறான். ஒரு தேசத்தின் விடுதலையே மூட்டையாகப் போகிறது. கானி அந்தக் கூலிப்படையில் ஒரு சார்ஜெண்ட். 1989-ல் 'எ ட்ரை ஒயிட் ஸீஸன்'. நேர்மையான படம், எடுத்தவர் மார்ட்டினிக் தீவைச் சேர்ந்த கறுப்புப் பெண்மணி யூஸான் பால்ஸி. அதில் ந்ட்ஷோனாவின் வேஷம், மகனைப் பறிகொடுத்துத் தானும் போலீஸ் கையில் சாகிற தோட்டக்காரன். நன்றாகச் செய்திருக்கிறார். ஆனால் கதை அவர் சாவோடு நிற்காமல் வெள்ளை எஜமானனின் மனச்சாட்சிக்குள் குடிபோய்விடுகிறது. ஆஸ்கார் பரிந்துரை சிறு வேஷத்தில் வந்த மார்லன் பிராண்டோவுக்கு. பாஸ் புத்தகத்தில் வேலையாளாகப் பதிவானவருக்குப் பதினைந்து வருஷம் கழித்து சர்வதேச சினிமா கொடுத்ததும் வேலையாள் வேஷமே. ந்ட்ஷோனா 2018-ல் இறந்துபோனார்.

3

மேற்கு ஆப்பிரிக்காவில் இதே பிரச்னை வேறு உருவத்தில் வந்தது. அங்கே தடுத்தது பாஸ் புத்தகமல்ல, படம் எடுக்கக் கிடைத்த பணம்.

1966-ல் செனகல் நாட்டு உஸ்மான் செம்பேன் எடுத்த 'லா நுவார் தே', டக்காரிலிருந்து தெற்கு பிரான்ஸுக்கு வீட்டு வேலைக்காகக் கொண்டுபோகப்பட்ட தியுவானா என்ற பெண்ணின் கதை. நடித்தவர் ம்பிஸின் தெரேஸ் தியோப். காட்சி ஊடகம் என்று சொல்பவர்கள் உச்சிமேல் வைத்துக்கொள்ள வேண்டிய முகம் அது. குனிந்து தரையைத் துடைக்கிற முதுகில்கூட அவமானம் தெரிகிறது. ஆனால் படம் முழுக்க நாம் கேட்கிற தியுவானாவின் மனக்குரல் அவருடையது அல்ல. பிரெஞ்சில் அந்தக் குரலைக் கொடுத்தவர் ஹெய்ட்டியைச் சேர்ந்த தோத்தோ பிஸாந்த். கதைப்படி எஜமானியோடு நாலு வார்த்தை பேசவே திண்டாடுகிற ஒரு பெண், மனசுக்குள் சுத்தமான பிரெஞ்சில் யோசிக்கிறாள்! செம்பேனுக்கு இது தெரியாதா? தெரியும். படத்திலேயே ஒரு காட்சி வைத்திருக்கிறார். ஊரிலிருந்து அம்மாவின் கடிதம் வருகிறது. தியுவானாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எஜமானரே பதிலையும் அவள் பெயரில் எழுத ஆரம்பிக்கிறார். அவள் கடிதத்தைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறாள். தன் பேச்சை இன்னொருவன் எழுதுவதை மறுக்கிற இந்தக் காட்சியில் இருப்பவளுக்கே குரல் இன்னொருத்தியுடையது. ஆப்பிரிக்க சினிமாவின் முதல் பெரிய நடிப்பு இப்படி இரண்டாகப் பிளந்துதான் பிறந்தது.

இரண்டு வருஷம் கழித்து, 1968-ல், செம்பேன் 'மாந்தாபி' எடுத்தார். பிரெஞ்சு அரசின் உதவிப் பணம். ஆகவே பிரெஞ்சிலும் எடுக்க வேண்டும். அவர் ஒவ்வொரு காட்சியையும் இரண்டு தடவை எடுத்தார், பிரெஞ்சில் ஒரு தடவை, வோலோஃப் மொழியில் ஒரு தடவை. நிலைத்தது வோலோஃப் படம். ஆப்பிரிக்க மொழி ஒன்றில் வந்த முதல் முழுநீளக் கதைப்படங்களில் ஒன்று அது. கதை ஒரு மணியார்டரைப் பற்றியது. பாரிஸில் தெருப் பெருக்குகிற மருமகன் 25,000 ஃபிராங்க் அனுப்புகிறான். டக்காரில் வேலையில்லாத இப்ராஹிம் தியெங், இரண்டு பெண்டாட்டிக்காரர், அதைத் தபாலாபீஸில் வாங்கப் போகிறார். அடையாள அட்டை எங்கே என்கிறார்கள். அட்டைக்குப் பிறப்புச் சான்று வேண்டும். போட்டோ வேண்டும். போட்டோக்காரன் காசை வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறான். கடைசியில் படித்த உறவுக்காரன் ஒருவன் அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கிப் பணத்தையே விழுங்கிவிடுகிறான்.

வங்கிக் கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஜீவனம் நடத்துகிறவன் நான். வயசான ஒருவர் கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு, தான் தான்தான் என்று நிரூபிக்க நிற்கும் நிலை எனக்குத் தினசரிக் காட்சி. மாகூரேதியா கேயி தியெங்காக நடித்திருப்பதைப் பற்றி ஒன்று சொல்ல முடியும். கவுண்ட்டருக்கு முன்னால் அவர் குரல் இறங்குகிறது. வீட்டில் மனைவிகளிடம் அதே குரல் ஏறுகிறது, அதட்டுகிறது, ஏப்பம் விடுகிறது. தெருவில் கடன் கேட்பவர்களிடம் வழுக்குகிறது. எனக்கு வோலோஃப் ஒரு வார்த்தை தெரியாது. இருந்தும் இந்த மூன்று குரலும் ஒரே ஆளின் மூன்று விலாசங்கள் என்பது காதில் விழுகிறது. காட்சி ஊடகக்காரர்கள் இந்த இடத்தில் சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தைப் பார்க்கட்டும். முக்கால்வாசி நடிப்பு அணைந்துபோகும். மொழி புரிகிறதா என்பதல்ல விஷயம். நடிகனுடைய மொழி நடிகனிடமே இருக்கிறதா என்பது.

கேயியின் பெயர் எந்த வெற்றிப் பட்டியலிலும் இல்லை.

4

பட்டியலில் இருக்கிறவர்களிடம் போவோம். நம்மில் பலரும் பார்த்துச் சிரித்த படம் 'தி காட்ஸ் மஸ்ட் பி க்ரேஸி' (1980). அதன் கதாநாயகன் நமீபியாவின் கலஹாரிப் பக்கத்து ஆள். ந!காவ் என்று எழுதுகிறார்கள். நடுவிலுள்ள ஆச்சரியக்குறி நாக்கைச் சொடுக்கி எழுப்புகிற ஒரு மெய்யெழுத்து. அவரும் படத்தில் பேசுகிறார், தன் மொழியில்தான் பேசுகிறார். ஆனால் அவர் வாயைத் திறக்கும் போதெல்லாம் மேலே ஒரு கனவானின் இங்கிலீஷ் குரல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இவர் என்ன நினைக்கிறார், இவருடைய ஜனங்களிடம் என்ன இல்லை, எவ்வளவு கள்ளமில்லாதவர்கள் என்றெல்லாம் அந்தக் குரல் விளக்குகிறது. அவர் பேச்சு பறவைச் சத்தம் மாதிரிப் பின்னணியில் ஓடுகிறது. அதே 1980-ல் ஜான் மார்ஷல் அந்த ஜனங்களைப் பற்றி எடுத்த 'ந!ஐ' என்ற ஆவணப்படத்தில் இந்தப் படப்பிடிப்பே ஒரு காட்சியாக வருகிறது. கூடவே உண்மை வாழ்க்கையும் வருகிறது. வேட்டை நிலம் போய், ரேஷன் மாவுக்குக் காத்திருந்து, தென்னாப்பிரிக்க ராணுவத்தில் ஆள் சேர்க்கிறவர்கள் முன் நிற்கிற ஜனங்கள். உலகம் முழுவதும் ஓடி வாரிக் குவித்தது ஜேமி யூஸின் கட்டுக்கதை. முதல் படத்துக்கு ந!காவுக்குக் கிடைத்தது சில நூறு டாலர் என்பதே பரவலாகப் பதிவான செய்தி. 1989-ல் வந்த இரண்டாம் பாகத்துக்குப் பேரம் பேசிப் பல லட்சம் டாலர் வாங்கினார். அதுதான் அந்த இரண்டு படங்களிலும் அவர் உரக்கப் பேசின ஒரே வசனம் என்று எனக்குத் தோன்றுகிறது. 2003-ல் இறந்தார்.

ஹூன்ஸூவுக்கு 1997-ல் 'அமிஸ்டாட்'. ஸ்பீல்பெர்க் இதில் ஒரு நல்ல காரியம் செய்தார். அடிமைக் கப்பலில் கலகம் செய்த ஆப்பிரிக்கர்கள் மெண்டே மொழியில் பேசினார்கள். பெனின் நாட்டவரான ஹூன்ஸூ அதைப் பாடம் படித்துப் பேசினார். ஆனால் படத்தின் உச்சம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது? கோர்ட்டில் அவர் எழுந்து நின்று, கற்றுக்கொண்ட நாலைந்து இங்கிலீஷ் வார்த்தைகளை உடைத்து உடைத்து, சுதந்திரம் கொடு என்று கத்துகிற இடத்தில். அதுவரை அவன் வேறு மொழியில் கேட்டுக்கொண்டிருந்ததும் அதையேதான். அப்போதெல்லாம் அழாத தியேட்டர் இப்போது அழுகிறது. அவன் மனிதன் என்று ருசுவாவது அவன் இங்கிலீஷில் தடுக்கி விழும்போது! இரண்டு ஆஸ்கார் பரிந்துரைகளுக்கும் எத்தனையோ பெரும் படங்களுக்கும் பிறகு, 2023-ல், ஜீவனத்துக்கு இன்னும் போராடுவதாகவும் உழைப்புக்கேற்ற ஊதியம் கிடைப்பதில்லை என்றும் ஹூன்ஸூ பேட்டியில் சொன்னார். 'கேப்டன் ஃபிலிப்ஸ்' படத்தில் டாம் ஹாங்க்ஸுக்கு ஈடுகொடுத்து நின்ற பர்காத் அப்திக்கு 65,000 டாலர் கிடைத்ததாகவும், படம் முடிந்து அவர் அண்ணன் தம்பியின் மொபைல் கடையில் வேலைக்கு நின்றதாகவும் 2014-ல் செய்தி வந்தது. வெற்றி என்ற வார்த்தையைக் கணக்குப் புத்தகத்தில் வைத்துப் பார்த்தாலும் தேறவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இன்னொரு கணக்கு. மண்டேலாவைத் திரையில் நடித்தவர்களில் சிலர்: டேனி க்ளோவர் (1987), பாய்ட்டியர் (1997), டென்னிஸ் ஹேஸ்பெர்ட் (2007), மார்கன் ஃப்ரீமன் (2009), இட்ரிஸ் எல்பா (2013), லாரன்ஸ் ஃபிஷ்பர்ன் (2017). ஐந்து அமெரிக்கர், ஒரு ஆங்கிலேயர். 2013-ம் வருஷப் படத்துக்குத் தயாரிப்பாளரே தென்னாப்பிரிக்கர். ஸ்டீவ் பிகோவுக்கு 1987-ல் டென்ஸல் வாஷிங்டன். இடி அமீனை 1981-லேயே கென்யாவின் ஜோஸஃப் ஒலிட்டா ஒரு முழுப் படத்தில் நடித்தார். 1991-ல் மீரா நாயரின் படத்திலும் அதே வேஷத்தில் வந்தார். அமீனுக்கான ஆஸ்கார் 2007-ல் அமெரிக்கரான ஃபாரஸ்ட் விட்டேகருக்குப் போயிற்று. விட்டேகர் நன்றாகவே நடித்தார், சுவாஹிலி கற்றார், உச்சரிப்புப் பழகினார். அதை நாம் அர்ப்பணிப்பு என்கிறோம். அமெரிக்கன் ஆப்பிரிக்கனின் உச்சரிப்பைக் கற்றால் அர்ப்பணிப்பு, பரிசு. ஆப்பிரிக்கன் அமெரிக்க உச்சரிப்பைக் கற்றால் அது பிரவேசக் கட்டணம். அதற்கு யாரும் பரிசு தருவதில்லை. கட்டவில்லை என்றால் உள்ளே விடுவதில்லை. இந்த ஒரு வித்தியாசத்தை நம் சினிமா விமர்சனம் எங்கேயாவது கவனித்திருக்கிறதா?

கட்டணம் வெள்ளையருக்கும் உண்டே என்பார்கள். உண்மை. தெரானின் தாய்மொழி ஆஃப்ரிகான்ஸ். டெலிவிஷனைப் பார்த்துப் பார்த்து அமெரிக்கப் பேச்சைப் பழகினவர். கட்டணத்தைக் கட்டியானதும் அவர் அமெரிக்கப் பெண்; ஆஸ்கார் வாங்கிய வேஷமும் ஒரு அமெரிக்கக் கொலைகாரியுடையது. லுபிட்டா நியாங்கோவும் அதே கட்டணத்தைக் கட்டினார். யேல் நாடகப் பள்ளியில் தன் கென்யப் பேச்சை வைத்துவிட்டு அமெரிக்கப் பேச்சை எடுத்துக்கொள்ள முடிவு செய்ததையும், பிறகு புகழ் வந்தபின் பழைய பேச்சுக்கே திரும்ப முடிவு செய்ததையும் 2024-ல் ஆரம்பித்த தன் ஒலித்தொடரில் அவரே விவரிக்கிறார். அடிமைப் பெண்ணாக நடித்து ஆஸ்கார் வாங்கியபின் தன்னைத் தேடி வந்தவை இன்னும் சில அடிமை வேஷங்கள் என்றும் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஒரே கட்டணம்தான், ஒருத்திக்கு வீடு முழுக்கத் திறந்தது, இன்னொருத்திக்கு மறுபடியும் அடிமைகளின் கொட்டகை. இதில் எதை வெற்றி என்று கொண்டாடுவது? பரிசு வாங்கியதையா, பேச்சைத் திருப்பி வாங்கியதையா? என்னைக் கேட்டால் இரண்டாவதை.

5

அப்படியானால் ஆப்பிரிக்க நடிகன் ஊரைவிட்டே கிளம்பக்கூடாதா, அந்நிய மேடையில் ஏறினாலே நாக்கு போய்விடுமா என்று கேட்கலாம். இல்லை. ஸோதிகி குயாதே இருக்கிறார்.

குயாதே மாலி, புர்கினா ஃபாஸோ பகுதியின் கிரியோ குடும்பத்தில் வந்தவர். வம்சாவளி சொல்லுவது, ராஜாக்களின் கதையைப் பாடுவது, சண்டை தீர்த்து வைப்பது என்று பரம்பரையாக நாக்கையே தொழிலாகக் கொண்ட ஜாதி. பீட்டர் புரூக் 1985-ல் ஆவிஞானில் மகாபாரதத்தைப் போட்டபோது அவருக்கு பீஷ்மர் வேஷம் கொடுத்தார். 1989-ல் வந்த படத்திலும் அவர்தான். புரூக்கின் மகாபாரதத்தைப் பற்றி நமக்குப் பல ஆட்சேபங்கள் உண்டு. கிருஷ்ணனைச் சுருக்கிவிட்டார், தர்மத்தை ஒரு பொதுவான ஐரோப்பிய விசாரமாக்கிவிட்டார் என்பதெல்லாம் நியாயமான ஆட்சேபங்கள். ஆனால் அவர் தன் நடிகர்களின் பேச்சை இஸ்திரி போடவில்லை. குயாதே பேசுகிற ஐரோப்பிய மொழியில் மேற்கு ஆப்பிரிக்கா அப்படியே இருந்தது. வாக்கியத்துக்கு நடுவில் அவர் நிறுத்துகிற இடம் புத்தகத்தில் இல்லாத நிறுத்தம். கேட்கிற சபைக்கு நேரம் கொடுத்துப் பழகின கதைசொல்லியின் நிறுத்தம். ஒரு வம்சத்தின் முழுக் கதையையும் சுமந்துகொண்டு சாகாமல் கிடக்கிற கிழவனுக்கு இதைவிடப் பொருத்தமான நாக்கு எங்கே கிடைக்கும்? நீண்டு மெலிந்த அந்த ஆகிருதியைப் பற்றி எல்லாரும் எழுதினார்கள். உடம்பைத்தான் நமக்குப் பார்க்கத் தெரியும். 2009-ல் 'லண்டன் ரிவர்' படத்துக்காக பெர்லினில் சிறந்த நடிகர் பரிசு பெற்றார். மறு வருஷம் காலமானார்.

ஜான் கானியின் கதைக்கும் பின்னொரு அத்தியாயம் இருக்கிறது. 2016-ல் ஒரு மார்வெல் படத்தில் வக்காண்டா என்ற கற்பனை தேசத்தின் கிழ ராஜாவாக அவரை அழைத்தார்கள். மகனாக நடித்த அமெரிக்கர் சாட்விக் போஸ்மனோடு பேசுகிற இடத்தில் கானி தன் மொழியான கோஸாவைப் பேசினார். அது பிடித்துப்போய், 2018-ல் 'பிளாக் பேந்த்தர்' எடுத்தபோது கோஸாவே வக்காண்டாவின் மொழியாயிற்று. சுமார் 80 லட்சம் பேருக்குத் தாய்மொழி, மண்டேலாவின் மொழி, உலகத்தின் மிகப் பெரிய வியாபாரப் படங்களில் ஒன்றுக்குள் நுழைந்தது ஸ்டூடியோவின் கருணையால் அல்ல. போர்ட் எலிஸபெத்தில் வேலையாளாகப் பதிந்துகொண்டும் நாக்கைக் கொடுக்காத ஒரு மனிதர் எழுபது வயதைத் தாண்டி உள்ளே வந்ததால். நுழைந்த பிறகும் அதற்குக் கிடைத்த இடம் சில வாக்கியங்கள்தான். மிச்சமெல்லாம் பொத்தாம்பொதுவான ஒரு ஆப்பிரிக்க உச்சரிப்பு இங்கிலீஷ். அந்த மொழி பேசுகிறவர்களுக்கு நிஜமான தேசம் ஒன்று இருக்க, பூகோளத்தில் இல்லாத தேசத்துக்கு அது ராஜபாஷையானது. இவ்வளவு குறைகளோடும் அது ஒரு சம்பவம். 130 கோடி வசூலை எழுதிய நண்பர்கள் ஒருவரும் இந்தச் சம்பவத்தை எழுதவில்லை.

6

பட்டியல் போடுவதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. வேறு கேள்வி ஒன்றை வைத்துக்கொண்டு போடுங்கள் என்கிறேன். இந்த நடிகன் தன் பேச்சைப் பேசின படம் எது? அதில் அவன் என்ன செய்தான்? இந்தக் கேள்வியை வைத்தால் பழைய பட்டியலின் பாதி உதிரும். மிச்சப் பாதியிலும் படங்கள் மாறும். நியாங்கோ இருப்பார், வேறு காரணத்துக்காக. கானி மேலே வருவார். ந்ட்ஷோனா, கேயி, குயாதே, ஒலிட்டா என்று நீங்கள் எழுதிப் பழக்கமில்லாத பெயர்கள் வரும். தெரேஸ் தியோப்பின் பெயருக்குப் பக்கத்தில் பிஸாந்தின் பெயரையும் எழுத வேண்டியிருக்கும். அப்படி எழுதும்போதுதான் அந்தப் படத்தைப் பற்றிய விமர்சனமே ஆரம்பமாகிறது.

இன்னும் ஒரு பெயர். ஃபுகார்டின் நாவலை வைத்து 2005-ல் எடுத்த 'த்ஸோட்ஸி', மறு வருஷம் சிறந்த அந்நிய மொழிப் படத்துக்கான ஆஸ்கார் வாங்கிற்று. ஜோஹனஸ்பர்க்கின் குப்பத்து இளம் ரௌடியாக அதில் நடித்தவர் ப்ரெஸ்லி ச்வெனெயகாயி. ஸுலு, கோஸா, ஆஃப்ரிகான்ஸ் எல்லாம் கலந்து தெருவில் உருட்டின பாஷை. அந்தப் பாத்திரம் அதிகம் பேசாது. பேச்சு வராத ஒருவனுக்குக் கடைசியில் ஒரு குழந்தையின் முன்னால் பேச்சு வருகிறது. கலிபோர்னியாவுக்குப் போகவும் அங்கே தேறவும் எல்லா வாய்ப்பும் இருந்த வயசு. அவர் தன் ஊர் மேடையிலும் தொலைக்காட்சியிலும் அதே பாஷைகளில் இருபது வருஷம் நடித்தார், கூட்டாக நாடகம் எழுதினார். 2025 மே மாதம் இறந்துபோனார். வயது நாற்பது.

நம் நண்பர்களின் பட்டியலில் அவர் பெயரைத் தேடினேன். அவர் போகவில்லை, ஆகவே வெற்றி பெறவில்லை. சரி. வெற்றி என்ற அந்த வார்த்தையை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். நடிப்பைப் பற்றிப் பேசுவதென்றால் வேறொரு இடத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.